போக்கும் வரத்தும்

கொட்டாஞ்சேனை
16 பெப்ரவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் என்றதும் பயப்பட வேண்டாம். யாருக்கும் ஒன்றுமில்லை. தொலைபேசியில் என் இலக்கத்தைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள், வட்ஸ்அப்பிலும் அப்படியே. தபால்காரரைத் தடுக்கும் பொத்தான் இன்னும் வரவில்லை. அதனால்தான் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கையால் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

போன சனிக்கிழமை வர்த்தகர் சங்கக் கூட்டத்தில் நடந்தது உங்களுக்கு வலித்திருக்கும். நான் திரையில் காட்டிய படத்தில் 'நாகேஸ் சில்க்ஸ்' என்ற நம் கடைப் பலகை அவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று யோசிக்கவில்லை. வாகனங்களை எண்ணும் எங்கள் கமராவைப் பொருத்தக் கடை மாடியில் இடம் தந்தவர் நீங்கள், ஆகவே படத்தில் விழுந்ததும் உங்கள் வாசல்தான். வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. அதற்குப் பின்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் இன்னொன்று. "இந்த ஒரு கார் நிக்கிறதாலை மூண்டு பஸ் சனம் நிக்குது" என்று சொன்னேன். யாரோ சிரித்தார்கள். சங்கத்தின் செயலாளர் நீங்கள், முன்வரிசையிலிருந்து எழுந்து போய்விட்டீர்கள்.

ஆனால் நான் சொன்னது பொய்யில்லை. நாளைக் காலை பரீட்சார்த்தமாகத் தொடங்குகிறார்கள். வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை காலி வீதியின் ஓர் ஓரம் பஸ்ஸுக்கு மட்டும். அந்த ஓரத்தில் கார் ஓடவும் முடியாது, நிற்கவும் முடியாது. யூன் மாத முடிவு வரை நடக்கும். அதனால் வீதிக்கு என்ன ஆகிறது, பக்கத்து வீதிகளுக்கு என்ன ஆகிறது என்று முன்னும் பின்னும் அளந்து சொல்வது எங்கள் குழுவின் வேலை. பாதை போட முடிவெடுத்தவள் நானில்லை. நான் அளக்கிறவள் மட்டும்.

அளக்கத் தொடங்கியதிலிருந்து எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது. பிறந்ததிலிருந்து பார்த்த வீதியை இப்போதுதான் பார்க்கிறேன். வாகனங்களை எண்ணினால் வீதி முழுக்கக் கார். சனத்தை எண்ணினால் வீதி முழுக்க பஸ். படம் ஒன்றுதான், எண்ணுவதை மாற்றியதும் வேறொரு வீதி வந்து நிற்கிறது. முதல் நாள் அதைக் கண்டபோது கணினியை மூடிவிட்டு வீதிக்கு இறங்கிப் போய்ப் பார்த்தேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். நான் ஹியூபேட்டைக் கல்யாணம் முடித்து ஏழு வருடம். இந்த ஏழு வருடத்தில் நீங்கள் ஒரு தரம்கூட எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. கேட்கும்போதெல்லாம் "வரத்தான் இருந்தனான், ட்ராஃபிக்" என்பீர்கள். இந்தப் பாதை ஒழுங்காக ஓடினால் அந்தச் சாட்டு உங்களிடம் இருக்காது. அதற்காகவாவது இது ஓட வேண்டும் என்று நினைக்கிறேன். அளக்கிறவள் அப்படி நினைக்கக் கூடாது, தெரியும்.

தங்கை
யதுஷா


வெள்ளவத்தை
24 பெப்ரவரி 2025

யதுஷா,

'அன்புள்ள' போடவில்லை, கவனித்திருப்பாய். பதில் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். அம்மா விடவில்லை. "அவள் கையாலை எழுதியிருக்கிறாள், நீயும் கையாலை எழுது" என்று கல்லாப்பெட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் பேனா எடுக்கும் வரை ஒரு வாடிக்கையாளராலும் அவரைத் தாண்டி வர முடியவில்லை. முத்திரை ஒட்டுவது வீண் வேலையாம். நாளை செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலுக்கு வரும்போது தானே கொண்டுவந்து தருவாராம். நல்லூர் முருகனின் அடியாருக்கு அந்தோனியாரில் இவ்வளவு பக்தி வந்தது நீ கொட்டாஞ்சேனைக்குக் குடிபோன பிறகுதான்.

மாடியில் இடம் தந்தேன். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவது என்பது இதுதான். என் மாடியில் நின்று என் வாசலைப் படம் பிடித்து, என் சங்கத்தாருக்கு முன்னால் என்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினாய். புதுக்கடை நீதிமன்றத்தில்கூடக் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு ஒரு வக்கீல் உண்டு.

ஒரு கார் என்கிறாய். அந்தக் காரில் யார் வந்தார்கள் என்று உன் கமராவுக்குத் தெரியுமா? கனடாவிலிருந்து மகளின் கல்யாணத்துக்கு வந்த குடும்பம், கூறைச்சேலை எடுக்க வந்தவர்கள். அரை நாள் இருந்தார்கள். அம்மாவோடு ஊர்க்கதை பேசினார்கள், மாப்பிள்ளை வீட்டாருக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். கூறை எடுக்க யாராவது பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவானா? இந்த ஒரு கிழமையாக வாசல் வெறிச்சோடிக் கிடக்கிறது. கார்க்காரர் மெதுவாக்கிப் பார்க்கிறார்கள், பொலிஸைக் கண்டதும் போய்விடுகிறார்கள். நீ அளக்கிறாய், இங்கே நான் கடைக்குள் இருந்து கொட்டாவி விடுகிறேன்.

பாதைக்கு எதிராக மனு எழுதியிருக்கிறேன். ஒளிக்கவில்லை, முதல் கையெழுத்தே என்னுடையது.

கமராவை மட்டும் கழற்றவில்லை. தந்த சொல் தந்ததுதான். மாடிக்கு வர வேண்டுமானால் பின்பக்கப் படியால் ஏறு. கடைக்குள்ளால் வராதே.

உன் வீட்டுக்கு வராததற்குக் காரணம் ட்ராஃபிக்தான். நூறு தரம் சொன்னதை நூற்றியோராம் தரமும் சொல்கிறேன்.

கிஷாந்த்


கொட்டாஞ்சேனை
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

சொன்னபடி பின்பக்கப் படியால்தான் ஏறினேன். வெயில் ஏறும் நேரம். கீழே யாரிடமோ சிங்களத்தில் ஷட்டரைத் தூக்கச் சொல்லும் உங்கள் குரல் கேட்டது. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். இரண்டு பேரும் மதிலில் சாய்ந்துகொண்டு வீதியைப் பார்த்தோம்.

பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நிறுத்தத்தில் மட்டும் நின்று, ஆளை ஏற்றி, அப்படியே போய்க்கொண்டிருந்தன. ஹோர்ன் சத்தம் இல்லை. ஒவ்வொரு யன்னலிலும் முகங்கள். மிதிபலகையில் நின்றவர்களின் சட்டை காற்றில் படபடத்தது. ஓர் ஊர் முழுக்க எழும்பி எங்கள் காலடியால் போவது போலிருந்தது. "இவ்வளவு சனமும் இத்தனை நாளாய் எங்கையடி இருந்தது?" என்று அம்மா கேட்டார். இங்கேதான் இருந்தது, காருக்குப் பின்னால் நின்றுகொண்டு. என் தொழிலில் இப்படியொரு காட்சி கிடைக்கும் என்று படிப்பித்தவர்கள் யாரும் சொல்லவில்லை.

அளந்ததும் அதையேதான் சொல்கிறது. பஸ்ஸில் போகிறவர்களின் நேரம் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. காலி வீதியில் கார்களும் முன்னரைவிடத் தாமதிக்கவில்லை. அதை நானே நம்பாமல் திரும்பவும் அளந்தேன். பஸ்கள் குறுக்கே வெட்டி வெட்டி ஓரத்துக்கு வருவது நின்றதுதான் காரணம். ஆனால் கொஞ்சக் கார்கள் கடற்கரைப் பக்கம் போய், மரைன் டிரைவில் மாலை நேரம் மோசமாகியிருக்கிறது. அதையும் எழுதுவேன்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். வீதியை அளந்தால் போதாது, சனத்திடமும் கேட்க வேண்டும். என்னோடு வேலை செய்யும் ஜவாத்தும் மற்றவர்களும் பஸ்ஸில் ஏறி மூன்று மொழியிலும் கேட்கிறார்கள். போக்குவரத்து குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா? சிங்களத்தில் பதில் சொன்னவர்கள் குறைந்திருக்கிறது என்கிறார்கள். ஆங்கிலத்தில் சொன்னவர்களும் அப்படியே. தமிழில் பதில் சொன்னவர்கள் மட்டும் கூடியிருக்கிறது என்கிறார்கள். அநேகமாக எல்லோரும். பஸ் ஒன்று, இருக்கை ஒன்று, தமிழருக்கு மட்டும் வேறொரு வீதியா?

எங்கள் குழுத் தலைவர் வெள்ளவத்தைக் கடைக்காரர்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்கிறார். செயலாளர் உங்கள் அண்ணன்தானே என்று என் முகத்துக்கு நேரே கேட்டார். விளக்கம் தராவிட்டால் தமிழில் கிடைத்த பதில்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு அறிக்கையை முடிக்கச் சொல்கிறார். அதாவது நம்முடைய சனம் சொன்ன ஒரு சொல்லும் கணக்கில் வராது. அதை என் கையாலேயே செய்ய வேண்டும்.

அண்ணா, நேரே கேட்கிறேன். இது உங்கள் சங்கத்தின் வேலையா?

யதுஷா


வெள்ளவத்தை
10 ஏப்ரல் 2025

யதுஷா,

நான் புடவை விற்கிறவன். பொய் விற்கிறவனில்லை.

எதிர்த்தால் முன்னால் நின்று எதிர்ப்பேன். மனுவில் என் பெயர் இருக்கிறது, முகவரி இருக்கிறது. பஸ்ஸில் போகிற சனத்தின் காதுக்குள் குசுகுசுத்து அவர்கள் வாயில் சொல்லை வைக்கிற பழக்கம் என்னிடம் இல்லை. அது உனக்குத் தெரியாதா? உன் தலைவருக்குத் தெரியாதது நியாயம். நீ என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள்.

நம் சனத்தின் பதிலை நீக்கப் போகிறார்களாம், அதற்கு நான் காரணமாம். தமிழன் சொல்வது கணக்கில் வராமல் போவது இந்த நாட்டில் புதிதா? அதற்கு என் பெயரை வைத்துவிட்டாயே, அதுதான் புதிது.

புதுவருடத்துக்கு இங்கே வர வேண்டாம். கைவிசேஷக் காசை அம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன், அது அப்பா தொடங்கிய வழக்கம், அதை நிறுத்த மாட்டேன். மற்றபடி உனக்கும் எனக்கும் இனிப் போக்குவரத்து வேண்டாம்.

கிஷாந்த்


கொட்டாஞ்சேனை
4 மே 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்களைச் சந்தேகித்தது பிழை. மன்னித்துக்கொள்ளுங்கள். இதை முதலில் எழுதாமல் மற்றதை எழுத எனக்கு உரிமையில்லை.

நீங்கள் கூப்பிடாததால் புதுவருடத்துக்கு நான் வரவில்லை. மறுநாள், செவ்வாய்க்கிழமை, அம்மா கைவிசேஷத்தோடு உங்கள் கடிதத்தையும் கொண்டுவந்தார். குசினியில் அடுப்படியில் நின்றபடியே வாசித்தேன். கடைசி வரிக்கு வந்ததும் அழுதுவிட்டேன். என்னவென்று அம்மா கேட்டார். "இனிப் போக்குவரத்து வேண்டாமாம்" என்றேன்.

"அவன் கிடக்கிறான்" என்றார் அம்மா. "எங்கடை போக்குவரத்து இப்பதானே கூடியிருக்கு. பஸ்ஸிலை அந்தத் தம்பி கேக்கேக்கையும் அதைத்தானே சொன்னனான்."

எந்தத் தம்பி, என்ன கேட்டார் என்று விசாரித்தேன். ஜவாத்தான். போக்குவரத்து கூடியிருக்கிறதா என்று கேட்டாராம். முந்தி மாதத்துக்கு ஒருக்கால் போனேன், இப்போது செவ்வாய்க்குச் செவ்வாய் மகளிடம் போகிறேன், நல்லாய்க் கூடியிருக்கிறது என்று அம்மா சொன்னாராம். அவர் 'கூடியிருக்கிறது' என்று பதிந்துகொண்டாராம்.

"அம்மா, ட்ராஃபிக் குறைஞ்சிட்டுதெல்லே?" என்றேன்.

"ட்ராஃபிக் குறைஞ்சபடியாத்தானே பிள்ளை போக்குவரத்து கூடினது."

அண்ணா, பிழை என்னுடையது. சிங்களக் கேள்வியில் நெரிசல் என்ற பொருள்தரும் சொல் இருக்கிறது. தமிழிலும் 'போக்குவரத்து நெரிசல்' என்றுதான் முதலில் எழுதினேன். வரி நீண்டுவிட்டது என்று 'நெரிசல்' என்ற சொல்லை வெட்டியவள் நான். பாடப் புத்தகத்திலும் வீதிப் பலகையிலும் போக்குவரத்து என்றால் வாகனம். நம் சனத்தின் வாயில் அது ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் இடையில் இருப்பது. சித்தப்பா வீட்டோடு நமக்குப் போக்குவரத்து இல்லை என்று கேட்டுக்கேட்டு வளர்ந்தவள்தானே நானும். வேலைக்குப் போனதும் என் சொந்தச் சொல்லை மறந்துபோனேன். கோபத்தில் நீங்கள் அதை எடுத்து என் முகத்தில் எறிந்திராவிட்டால் இன்னும் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

மறுநாளே ஜவாத்தும் நானும் திரும்ப பஸ்ஸில் ஏறினோம். இந்தத் தடவை, 'கூடியிருக்கு' என்றவர்களிடம் யார் வீட்டுக்கு என்று கேட்டோம். ஒருகொடவத்தையில் கொள்கலன் தளத்தில் வேலை செய்யும் ஒருவர், வெள்ளவத்தையில் இருக்கும் தங்கையின் குழந்தையை முதல் தரம் விழித்திருக்கக் கண்டாராம். முன்னெல்லாம் வேலை முடிந்து அவர் போய்ச் சேரும்போது அது தூங்கிவிடுமாம். எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கும் எவ்லின் அன்ரிக்குப் பம்பலப்பிட்டியில் ஒரு சிநேகிதி. இருவருக்கும் பல வருடமாகச் சண்டை. போனில் திட்டினால் சுகமில்லை என்று இப்போது நேரில் போய்த் திட்டிவிட்டு, மத்தியானம் அங்கேயே சாப்பிட்டுவிட்டு வருகிறார். றலியா என்றொரு தாதி, மூன்று வருடமாகப் பேசாதிருந்த தகப்பனைப் பார்க்கப் போகிறார். என்ன பேசினீர்கள் என்றேன். ஒன்றும் பேசவில்லை, சும்மா பக்கத்தில் இருந்துவிட்டு வந்தேன் என்றார்.

நான் வீதியை அளக்கப் போனவள். அளந்துகொண்டு வந்திருப்பது வேறு ஏதோ. மற்ற மொழிக்காரரும் இப்படித்தான் போய் வருகிறார்கள், கேள்வி பிழையாகப் போனதால் தமிழர் மட்டும் அதைச் சொல்லிவிட்டார்கள். குழுத் தலைவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பதில் தாள்களைத் திரும்பப் புரட்டிப் பார்த்தார். பிறகு, ஒரு பதிலையும் நீக்க வேண்டாம், இதற்குத் தனி அத்தியாயம் எழுதுங்கள் என்றார்.

எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வேண்டாம் என்றதும் அதே போக்குவரத்தைத்தான். அதை எங்கே எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

யதுஷா


வெள்ளவத்தை
8 யூன் 2025

தங்கச்சிக்கு,

ஒரு மாதம் பதில் எழுதவில்லை. கோபம் தீர்ந்து வெகுநாள். என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் இருந்தேன்.

போன கிழமை தண்ணீர்த் தாங்கியைப் பார்க்க மாடிக்கு ஏறினேன். தாங்கிக்கு ஒன்றுமில்லை, நீ எதைப் பார்த்து வாய்பிளக்கிறாய் என்று பார்க்கத்தான் ஏறினேன், போதுமா? உன் கமராவுக்குப் பக்கத்தில் நின்று கீழே பார்த்தேன். ஆடிவேல் திருவிழாத் தேர் வரும்போது மட்டும்தான் இந்த வீதி விலகி வழிவிட நான் கண்டிருக்கிறேன். அது முருகனுக்கு. அன்று சும்மா ஒரு புதன்கிழமை, தேரும் இல்லை திருவிழாவும் இல்லை, சாப்பாட்டுப் பார்சலும் குடையும் வைத்திருக்கிற சனத்துக்காக வீதி விலகி நின்றது. நான் இந்த வாசலில் இருபது வருடமாக நிற்கிறேன். கடைக்குள் வந்த முகங்களைப் பார்த்திருக்கிறேன், கடையைத் தாண்டிப் போன முகங்களை ஒருநாளும் பார்த்ததில்லை. கை கூப்ப வேண்டும்போல இருந்தது. யாராவது பார்த்தால் வெட்கம் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை புறக்கோட்டைக்குச் சரக்கெடுக்கப் போக வேண்டியிருந்தது. எப்போதும் வான் வண்டியில் போகிறவன், அன்று பஸ்ஸில் ஏறினேன். கொள்ளுப்பிட்டி வரை பஸ் பறந்தது. புறக்கோட்டையில் இறங்கியபோது மொத்தக் கடைகள் இன்னும் திறக்கவில்லை. என்ன செய்வது என்று பார்த்தால் முன்னால் கொட்டாஞ்சேனை பஸ். ஏறிவிட்டேன்.

உன் ஒழுங்கை முனைவரை வந்தேன். ஹியூபேட் வாசல் குழாயடியில் குந்தியிருந்து ஒரு புதுச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் முருங்கைக்காயும் வாழைக்காயும். செவ்வாய்க்கிழமை அம்மா மரக்கறிதான் சாப்பிடுவார் என்று, மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் படாத ஒரு சட்டியை அவர் தனியாக வாங்கி வைத்திருக்கிறார் என அம்மா சொல்லியிருக்கிறார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணால் கண்டதும் எனக்கு மேலே கால் எடுத்து வைக்க முடியவில்லை. மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரர் வீட்டில் எப்படிக் கை நனைப்பது என்று ஏழு வருடம் இருந்தவன் நான். திரும்பி வந்துவிட்டேன். அன்று வழியில் ட்ராஃபிக் ஒரு துளியும் இல்லை. தடையாக இருந்தது வேறொன்று, அது எந்தக் கமராவிலும் விழாது.

கடைக்கு அடிபட்டது உண்மை. கூறை வியாபாரம் விழுந்துவிட்டது. பஸ்ஸால் இறங்குகிறவர்கள் நூல் சேலையும் பிள்ளைகளின் உடுப்பும் வாங்குகிறார்கள்தான், ஆனால் அது இதற்கு ஈடாகாது. மனுவை நான் திரும்பப் பெற மாட்டேன். உன் அறிக்கையில் அதையும் எழுது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. நல்லதை அளந்த கையாலேயே கெட்டதையும் அள.

அண்ணா


கொட்டாஞ்சேனை
1 யூலை 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒழுங்கை முனைவரை வந்தீர்கள் என்று வாசித்த இடத்தில் கடிதத்தை ஹியூபேட்டிடம் கொடுத்துவிட்டேன். என்னால் மேலே வாசிக்க முடியவில்லை. அவர் சத்தமாக வாசித்தார். சட்டி தேய்த்த இடம் வந்ததும் கடிதத்தை மடித்து வைத்தார். "கூப்பிட்டிருக்கலாமே, ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டுப் போயிருப்பாரே" என்று மட்டும் சொன்னார்.

அறிக்கையைக் கொடுத்துவிட்டோம். மரைன் டிரைவின் நெரிசலும் இருக்கிறது, வாசலில் கார் நிற்க முடியாததால் விழுந்த வியாபாரமும் இருக்கிறது. கடையின் பெயர் போடவில்லை. எவ்லின் அன்ரியும் றலியாவும் ஒருகொடவத்தைக்காரரும் அம்மாவும் அந்தத் தனி அத்தியாயத்தில் இருக்கிறார்கள். தலைப்பு என்ன என்று கேட்டார்கள். 'போக்கும் வரத்தும்' என்று போட்டேன். மற்ற இரண்டு மொழிக்கும் அதை எப்படிக் கொண்டுபோவது என்று இன்னும் சண்டை பிடிக்கிறார்கள்.

நேற்றோடு பரீட்சார்த்த காலம் முடிந்தது. நிரந்தரமாக்குவதா என்று மேலே முடிவெடுக்க வேண்டுமாம். எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதுவரை எல்லாம் பழையபடி. இன்று காலை கமராவைக் கழற்ற வந்தேன், நீங்கள் கடையில் இல்லை. கழற்றுவதற்கு முன் ஒரு தடவை கீழே பார்த்தேன். ஓரத்தை மறித்திருந்த கூம்புகளை எடுத்துவிட்டார்கள். வாசலில் கார் வந்து நின்றது, பின்னால் பஸ் நின்றது. உங்கள் கூறை விற்கட்டும். இதை மனதாரத்தான் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அல்லவா, அம்மா புறப்பட்டாராம். பம்பலப்பிட்டியில் பஸ் அசையவில்லை, கால் வீங்குகிறது என்று இறங்கித் திரும்பிவிட்டாராம். போனில் சொன்னார். ஹியூபேட் சமைத்து வைத்த முருங்கைக்காய்க் கறி சட்டியோடு மூடியபடி இருக்கிறது.

அண்ணா, உங்கள் பழைய சாட்டு உங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. இனி ட்ராஃபிக் என்று நீங்கள் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும்.

யதுஷா


கொள்ளுப்பிட்டி, பஸ்ஸுக்குள்
6 யூலை 2025, ஞாயிறு

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடை பில்லின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. பஸ் குலுங்குகிறது என்று சொல்ல முடியாது, குலுங்குவதற்கு அது ஓட வேண்டுமே. வழியில் எங்கோ ஊர்வலமாம். ஞாயிற்றுக்கிழமையும் பார்த்து வீதியே நின்றுவிட்டது. தான் வருவதை அம்மா காலையிலேயே உனக்குப் போனில் சொல்லிவிட்டார். நானும் வருகிறேன் என்று சொல்ல என் போனை எடுத்தால், தடுத்து வைத்த இலக்கத்தை எப்படி விடுவிப்பது என்று தெரியவில்லை. அதை ஹியூபேட் மச்சானிடம்தான் கேட்க வேண்டும். மச்சான் என்று எழுதிப் பார்த்தேன், கை கூசவில்லை.

நேற்று என் வாசலில் கூறை எடுக்க ஒரு கார் வந்து நின்றது. ஐந்து மாதம் காத்திருந்த கார். பின்னால் பஸ் வந்து நின்றது. யன்னலோரத்தில் ஒரு பெண், மடியில் சாப்பாட்டுப் பெட்டி, என்னைப் பார்த்தபடி இருந்தாள். இவள் யார் வீட்டுக்குப் போகிறாளோ என்ற நினைப்பு வந்துவிட்டது. வந்த வியாபாரத்தை விட்டுவிட்டு வீதியில் இறங்கி, சாரதியிடம் சிங்களத்தில் கெஞ்சிக் காரைப் பக்கத்து ஒழுங்கைக்கு எடுக்கச் சொன்னேன். பஸ் போனது. சங்கத்தார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பார்க்கட்டும். கூறையும் விற்றது.

அம்மா பக்கத்தில் என் தோளில் சாய்ந்து தூங்குகிறார். காலுக்குக் கீழே பையை வைத்து உயர்த்தியிருக்கிறேன். நான் இப்போது பஸ்ஸில் உள்ள சனத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு முன்னால் ஒரு கிழவர் கேக் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார், இடம் கொடுத்தேன், உட்கார்ந்தால் பெட்டி நசியும் என்று மறுத்துவிட்டார். ஒரு பிள்ளை யாரிடமோ இன்னும் கொஞ்சத் தூரம்தான் என்று மூன்றாவது தடவையாகப் போனில் சொல்கிறது. வேர்வையில் எல்லோருக்கும் முகம் வழிகிறது. ஆனால் ஒருவரும் இறங்கித் திரும்பவில்லை. பாதை திறந்திருந்தபோது சனம் போனது அதிசயம் என்றாய். எனக்கு இதுதான் அதிசயமாக இருக்கிறது. பாதை இல்லாத இத்தனை வருடமும் இவர்கள் இப்படித்தான் ஆளையாள் தேடிப் போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள். நான்தான் வீட்டிலிருந்து ட்ராஃபிக் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கடிதத்தை நானே கொண்டுவந்து தருகிறேன். இன்று ஞாயிறு, மச்சம் சாப்பிடுவேன். எனக்கென்று தனிச் சட்டி ஒன்றும் வைக்க வேண்டாம் என்று மச்சானிடம் சொல். சோறு ஆறிப்போகும், ஆறட்டும், மூடி வை.

சரியான ட்ராஃபிக். வந்துகொண்டிருக்கிறோம்.

அண்ணா